கப்பலில் வரும் செங்கல்

மே 3, சனி

இன்றைக்குத் தகரம் ஏறியது. கூரைக்கு அல்ல. சுவருக்கு.

கூரைக்கு இந்த ஓக்லாந்தில் முக்கால்வாசிச் சனம் தகரம்தான் போடுகிறது. அதை நான் வந்த புதிதிலேயே மன்னித்துவிட்டேன். ஆனால் சுவருக்குமா? கறுப்பு நெளிதகரம், நிலத்திலிருந்து முகடு வரைக்கும் விறைத்துக்கொண்டு நிற்கிறது. கிளென்ஃபீல்டில் வாடகைக்கு இருந்தது போதும், வெஸ்ட்கேட்டில் சொந்த வீடு கட்டுகிறோம் என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்தவள் நான். பல் டொக்டரின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. விறைப்பு ஊசி போட்டு வாயைத் திறக்க ஏலாமல் இருந்த சனத்துக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுப் படம் கீறினது வேறு யாருமில்லை, என் மகள் ஜெனுஷா. கட்டடக்கலை படித்து ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தபின் முழுக்க அவள் கையால் கீறின முதல் வீடு. படத்தில் இது தகரம் என்று எனக்குத் தெரியவில்லை. கோடு கோடாக இருந்தது. கோடு போட்ட சீலை மாதிரி வடிவாய் இருக்கு என்று தலையாட்டிவிட்டேன்.

"அம்மா, யூ லவ்ட் இட்" என்கிறாள். ஓம், கோட்டைத்தான்.

போன வருசம் ஒருநாள் டேப்பை எடுத்து என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். பிறந்தநாளுக்குச் சட்டை வரும் என்று காத்திருந்தேன். சட்டை வரவில்லை. வந்தது இது.

"கோழிக்கூடு மாதிரி இல்லையோ?" என்று என் மனுசனிடம் கேட்டேன். பெயர் யேசுராசா, தொழில் பிளம்பர். குழாயில் ஒழுக்கை நிறுத்திப் பழகியவர், வாயிலும் அப்படித்தான்.

"கோழிக்குக் குடுத்து வைக்கோணும்" என்றார்.

மே 10, சனி

எங்கள் மாதா கோயிலுக்கு வருகிற மரகதம் அக்கா வீடு பார்க்க வந்தா. அவாவின் வீடு பிளாட் புஷ்ஷில்: இரண்டு மாடி, சிவப்புச் செங்கல், வாசலில் நாலு தூண். தூண்கள் எதைத் தாங்குகின்றன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மரகதம் அக்காவின் எடுப்பைத்தான் போல.

காரை விட்டு இறங்கி, சுற்றிவரப் பார்த்துவிட்டுக் கேட்டா: "கராஜைத்தான் முதல் கட்டினவையோ? வீடு எங்க வருது, சறோ?"

என் வாய் மூளையைக் கேட்டு எதையும் சொல்கிறதில்லை. சொன்னது: "இது உள்ளுக்குப் போறது அக்கா. இதுக்கு மேலதான் செங்கல் வரும்."

"எப்ப?"

"கப்பலில வந்துகொண்டிருக்கு."

"கப்பலிலயோ? எங்க இருந்து?"

"இத்தாலி."

ஏன் இத்தாலி? கடவுளுக்குத்தான் தெரியும். செங்கல் இந்த ஊரிலேயே கிடைக்கும் என்பது திரும்பி வரும்போது காரில்தான் ஞாபகம் வந்தது. ஆனால் இத்தாலி என்றதும் மரகதம் அக்கா வாயை மூடின அழகு இருக்கே! அதற்காக இன்னும் இரண்டு பொய் சொல்லலாம்.

மே 11, ஞாயிறு

கோயிலில் நாலு பேர் இத்தாலிச் செங்கலை விசாரித்தார்கள். பூசை தொடங்க முந்தியே.

மே 18, ஞாயிறு

பொய்க்கு வாடகை கட்டுகிற காலம் வந்துவிட்டது. மரகதம் அக்காவின் மனுசன் குணரத்தினம் அண்ணை சரக்குக் கப்பல் அலுவல் பார்க்கிற கம்பனியில் வேலை செய்கிறார். நான் அதை எப்படி மறந்தேன்? தங்கமான மனுசன். யாருக்காவது உதவி செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"தங்கச்சி, கப்பலின்ர பேரை மட்டும் சொல்லுங்கோ. எங்க நிக்குதெண்டு நான் பாத்துச் சொல்லுறன்."

கோயில் வாசலில் நின்று யோசித்தால் என்ன பெயர் வரும்? "மரியா" என்றேன். மாதா மன்னிக்கவேணும்.

யேசுராசா பக்கத்தில் நின்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தால் அவர் சப்பாத்தைத்தான் பார்ப்பார்.

வீட்டுக்கு வந்து சொன்னார்: "அவையின்ர செங்கலும் போர்வைதான். உள்ளுக்கு மரச்சட்டம். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் கட்டுறது." என்னை ஆற்றச் சொன்னாரோ, குத்தச் சொன்னாரோ, தெரியவில்லை.

மே 25, ஞாயிறு

குணரத்தினம் அண்ணை மூன்று மரியா கண்டுபிடித்திருக்கிறார். ஒன்று பிலிப்பைன்ஸ் பக்கம் வாழைப்பழத்தோடு நிற்கிறதாம். "அது உங்கட இல்லை எண்டு நினைக்கிறன்" என்றார், கவலையோடு.

யூன் 2, திங்கள், அரசர் பிறந்தநாள் விடுமுறை

ஜெனுஷா எங்கள் இரண்டு பேரையும் வீடு காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். வெஸ்ட்கேட் காற்று வாசல் கதவைப் படார் என்று அடித்துச் சாத்தியது. அவள் திடுக்கிட்டு, "இதுக்கு ஒரு டோர்ஸ்டொப் வேணும்" என்று போனில் குறித்துக்கொண்டாள். பிறகு வெளியே போய் அந்தத் தகரத்தைத் தடவினாள், கூறைச் சீலையைத் தடவுகிற மாதிரி.

"பின்னேரம் பாருங்கோ அம்மா. வெயில் சரியேக்க ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு ஷாடோ வரும். சுவர் மூவ் பண்ணுற மாதிரி இருக்கும்."

மகள் இவ்வளவு தமிழ் ஒரே மூச்சில் பேசி எத்தனையோ வருசம். நான் தகரத்தைப் பார்க்கவில்லை, அவள் வாயைத்தான் பார்த்தேன்.

வீடு முடிந்ததும் அவள் அலுவலகம் படப்பிடிப்பாளரை அனுப்புமாம். அவள் பெயர் போட்டு அவர்களின் இணையப் பக்கத்தில் வருமாம். அவளுக்கு இதுதான் முதல்தரம். "நீங்க ஒரு சென்டென்ஸ் சொல்லோணும் அம்மா. கிளையன்ட் என்ன நினைக்கிறா எண்டு. ட்ரூவா சொல்லுங்கோ."

யோசிக்கிறேன் என்றேன். வாயாடி எண்டு பேர் எடுத்தவள் — ஒரு வசனத்துக்கு யோசிக்கிறாளாம்.

நாலு பேருக்கு முன்னால் வெட்கப்படுகிறேன் என்று அவளிடம் சொல்லலாமா? சொன்னால் அந்த முகம் எப்படிப் போகும்? சொல்லாமல் விட்டால்? செங்கல் கதை அவள் காதுக்கு எப்படிப் போகும்? போகாது. அவள் எங்கள் சனத்தோடு கதைக்கிறது நத்தார் பண்டிகைக்கு மட்டும்தானே.

யூன் 28, சனி

குடிவந்தாயிற்று. பெட்டிகள், முதுகுவலி, மழை. யேசுராசா விடிய எழும்பினதும் கேட்கிற முதல் கேள்வி: "கப்பல் எங்க நிக்குது?"

யூலை 12, சனி

எப்படி எழுதுவேன்.

வீடு ஆசீர்வாதம். பால் காய்ச்சினோம், பொங்கி வழிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். ஃபாதர் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். கடைசியில் எல்லோரையும் வெளியே கூப்பிட்டுச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்து மன்றாடத் தொடங்கினார். அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போனது.

"கடல் வழியாக வந்துகொண்டிருக்கும் செங்கற்கள் சேதமின்றிக் கரை சேரவும், இவ்வீடு விரைவில் முழுமை பெறவும், ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" — கூட்டம் முழுக்க. குணரத்தினம் அண்ணையின் குரல் எல்லாருக்கும் மேலே.

ஜெனுஷாவுக்கு விளங்காத தமிழ்ச் சொல் ஆயிரம் இருக்கும். செங்கல் விளங்கும். "வாட் பிரிக்ஸ்?" என்று பக்கத்தில் நின்ற மரகதம் அக்காவிடம் மெதுவாகக் கேட்டாள். அந்த மனுசி அவள் தோளைத் தடவி, உண்மையான அன்போடு சொன்னா: "கவலைப்படாத பிள்ளை. இத்தாலியில இருந்து வருது. இந்தத் தகரம் எல்லாம் மறைஞ்சு போடும்."

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் யேசுராசாவைப் பார்த்தேன். அவர் சப்பாத்தைப் பார்க்கவில்லை.

"இட்ஸ் ஃபைன், அம்மா."

அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரி வந்திருக்கும். தட்டு தூக்கினாள், ரோல்ஸ் பரிமாறினாள், வந்தவர்கள் எல்லாருக்கும் சிரித்தாள். கேக் வெட்ட முந்திப் போய்விட்டாள்.

யூலை 13, ஞாயிறு

போன் எடுக்கவில்லை. யேசுராசா இன்றைக்குக் கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

யூலை 20, ஞாயிறு

நண்டுக்கறி வைத்தும் வரவில்லை. நண்டுக்கறிக்கு அவள் வராதது இதுதான் முதல்தரம். வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி: படப்பிடிப்பாளரை வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம், உங்களுக்குப் பிடிச்ச மாதிரிச் சுவரை மாத்தலாம், அலுவலகத்தில் கேட்கிறேன், இட்ஸ் ஃபைன்.

இன்னொரு இட்ஸ் ஃபைன் வந்தால் நான் செத்துப்போவேன்.

மத்தியானம் ஒரு யோசனை வந்தது. கப்பல் தண்ணிக்குள்ள தாண்டுபோச்சு என்று சொன்னால் என்ன? நடுக்கடல், புயல், செங்கல் பாரம். எல்லாரும் பாவம் பார்ப்பினம், பிறகு ஒருத்தரும் கேட்க மாட்டினம், சுவரும் தப்பும். யேசுராசாவிடம் சொன்னேன்.

"கப்பலில ஆக்கள் இருப்பினம்," என்றார். "அவையளையும் சாக்காட்டப் போறீரோ?"

சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. இந்த மனுசன் என்னை ஒருக்கா ஏசினா என்ன? ஏச மாட்டார். நான் என்னையே ஏசவேண்டிக் கிடக்கு.

யூலை 24, வியாழன்

லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றேன். நேற்றைய சட்டி பானை கழுவிக்கொண்டிருக்கும்போது ஒன்று புரிந்தது — நான் எதன்மேலும் ஏறி நிற்கவில்லை. கிளென்ஃபீல்டில் சிங்குக்கு முன்னால் எனக்கு ஒரு பலகை இருந்தது. நான் குள்ளம். இந்த ஊர் அடுக்களைகள் எல்லாம் ரக்பி விளையாடுகிறவர்களுக்குக் கட்டினவை. இங்கே சிங்க் என் கைக்கு வந்து நிற்கிறது. குடிவந்த நாளிலிருந்து அப்படித்தான் நின்றிருக்கிறது. நான் பார்க்கவில்லை.

யேசுராசாவுக்குப் போன் அடித்தேன். யாருடையோ குளியலறையில் படுத்துக்கிடந்து சொன்னார்: "அவள் உம்மை அளந்தவள் எல்லே. நீர் சட்டைக்கெண்டு நினைச்சீர்."

பிறகு ஜன்னல். அடுக்களை ஜன்னலுக்கு முன்னால் வருகிற தகரத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாகத் துளை. நல்ல ஜன்னலை ஏன் மறைத்தாள் என்று எத்தனைதரம் புறுபுறுத்திருப்பேன். அதே நேரம் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. மரகதம் அக்கா. இறங்கினா. பெல் அடிக்காமல் ஜன்னலுக்கு நேரே வந்து நின்று, தலைமயிரைச் சரிசெய்து, பல்லில் ஏதும் ஒட்டியிருக்கா என்று போனில் பார்த்தா. இரண்டு முழம் தள்ளி உள்ளே நான். அவாவுக்கு நான் தெரியவில்லை. எனக்கு அவாவின் பல்லுவரைக்கும் தெரிந்தது.

பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு விரலால் அந்த நெளிவுகளை மெல்லத் தடவிப் பார்த்தா. டர்ர்ர் என்று உள்ளே கேட்டது. நான் மூச்சு விடவில்லை.

எப்போதோ ஒரு சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறேன்: "றோட்டால போற வாற சனமெல்லாம் எனக்குத் தெரியோணும், நான் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பெயின்ட் அடிக்கிற கரைச்சலும் இருக்கக் கூடாது, குழாய்த் தண்ணியை ஒருக்கா அடிச்சா சுத்தமாகோணும். அப்பிடி ஒரு வீடு கட்டித் தா." எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள்.

பின்னேரம் வெயில் சரிந்தபோது வெளியே போய் நின்று பார்த்தேன். அவள் சொன்னது சரி. சுவர் அசைகிறது.

யூலை 27, ஞாயிறு

பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் குணரத்தினம் அண்ணை ஓடிவந்தார். முகமெல்லாம் சந்தோசம். "தங்கச்சி! ஒரு மரியா இந்தக் கிழமை ஓக்லாந்துக்கு வருது. நான் போய் நிண்டு பாக்கிறன்!" ஃபாதர் இரண்டு கையையும் கூப்பி, "மன்றாட்டு கேட்கப்பட்டது" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள்.

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"செங்கல் இல்லை ஃபாதர். கப்பலும் இல்லை. நான் புளுகினது. அந்தத் தகரம்தான் என்ர வீடு. அதை என்ர மகள் கீறினவள். எனக்கெண்டு கீறினவள்."

பிறகு மரகதம் அக்கா: "அப்ப இத்தாலி?"

"இத்தாலி இருக்கு அக்கா. செங்கல்தான் இல்லை."

ஃபாதர் என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னார்: "இதை உள்ளுக்கு வந்து பாவசங்கீர்த்தனத்தில சொல்லியிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது."

"எல்லாருக்கும் தெரியத்தானே சொன்னனான், ஃபாதர்."

குணரத்தினம் அண்ணையிடம் மட்டும் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை தங்கச்சி. நான் கனகாலத்துக்குப் பிறகு மூண்டு கப்பலை ஆசையாப் பாத்தன்" என்றார். ஏசியிருந்தால் சுகமாயிருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து ஜெனுஷாவுக்கு, கேட்ட அந்த ஒரு வசனத்தை அனுப்பினேன்: "நான் பகிடிக்குச் சொன்னதை எல்லாம் என் மகள் உண்மையென்று எடுத்துக் கட்டியிருக்கிறாள்." கோயிலில் நடந்ததை அதற்குக் கீழே எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

மத்தியானம் கார் வந்தது. துளைக்குள்ளால் பார்த்தேன். ஜெனுஷா. கையில் ஒரு கடைப் பை, பாரத்தில் தோள் சரிந்தது. நேரே என் ஜன்னலைப் பார்த்து, "அம்மா, ஐ நோ யூ ஆர் தேர்" என்றாள்.

வாசலில் பையை இறக்கி, உள்ளே கைவிட்டு எடுத்தாள். ஒரு செங்கல். ஒன்றே ஒன்று. மேலே சோக்கால் எழுதியிருந்தது, கோணல்மாணலாக, தமிழில்: இத்தாலி.

"ஷிப் வந்திட்டுது" என்றாள்.

யேசுராசா சப்பாத்துப் போட்டிருக்கவில்லை. வெறுங்காலைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை படப்பிடிப்பாளர் வருகிறார். செங்கல் படத்தில் இருக்கவேணுமா கூடாதா என்று தகப்பனும் மகளும் இன்னும் வாக்குவாதம். நண்டுக்கறி முடிந்துவிட்டது. வெளியே நல்ல காற்று. செங்கல் வாசல் கதவுக்கு முண்டு கொடுத்து நிற்கிறது. கதவு திறந்தபடிதான் இருக்கிறது, அசையவில்லை.