மைனி அடித்துவிட்ட பெயர்

என் ஆசை மைனிக்கு,

நம் தொடரின் கடைசிப் பகுதி வந்துவிட்டது. நீங்கள் போய் இருபதாம் நாள், வழக்கம்போல சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தது. பார்க்கவே கூடாது என்றுதான் இருந்தேன். கை கேட்கவில்லை.

அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் நமக்குள் பேச ஒன்றும் இருந்ததில்லை. டயாலிசிஸ்தான் நம்மைச் சேர்த்துவைத்தது. சனிக்கிழமை ஆனால் தென்காசி ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் உங்கள் கட்டில் பக்கத்தில் நான். பொழுது போக ஜப்பான் கார்ட்டூன் ஒன்றைப் போட்டேன். சின்னப்பிள்ளைகள் பார்ப்பதையா பார்க்கிறோம் என்று முகத்தைச் சுளித்தீர்கள். ஒரு தீவு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கொலை, வாரத்துக்கு ஒரு துப்பு. இரண்டே வாரத்தில், அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். ஊசி குத்துகிற நாளுக்கு யாராவது அப்படிக் காத்திருப்பார்களா?

மூன்றாம் வாரம் மருந்துச் சீட்டின் பின்னால் ஆளுக்கொரு கொலைகாரன் பெயரை எழுதி, ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினோம். கடைசிப் பகுதி வரை திறக்கக் கூடாது. பாட்டில் உங்கள் பொறுப்பில் இருந்தது.

உங்களை எடுத்த அன்று துஷ்டிக்கு முருகேசு வந்திருந்தான். என் சித்தி மகன்தான், மேலகரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறானே, அவன். இந்தக் கதையின் படப்புத்தகத்தை முன்பே படித்து முடித்தவன். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஏதோ புண்ணியம் செய்தவன் மாதிரி சொன்னான்.

"ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தன்னைக்கே மைனிகிட்ட சொல்லிட்டேன்க்கா, மருந்துக்கடைக்காரிதான் கொன்னதுன்னு. முடிவு தெரியாமப் போயிறக் கூடாதுல்லா."

நீ முடிவு வரை இருக்கமாட்டாய் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னதுதானே மைனி அது? டாக்டர் சொல்லவில்லை, அண்ணன் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இவன் ஒரு கார்ட்டூனை வைத்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகும் இரண்டு சனிக்கிழமை நாம் சேர்ந்து பார்த்தோம். "யாரா இருக்கும்ட்டி?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எனக்காகவா?

இப்போது கேளுங்கள். மருந்துக்கடைக்காரி கொல்லவில்லை. படமெடுத்தவர்கள் புத்தகத்து முடிவை மாற்றிவிட்டார்கள். கொன்றவன் கலங்கரை விளக்கத்துக் காவல்காரன். காட்டிக்கொடுத்தது அவன் குடை. மூன்றாம் வாரம் நீங்கள் சொன்னீர்களே, "சாரல்ல நடந்து வந்தேங்கான், குடை நுனியில ஒரு சொட்டுத் தண்ணி இல்லயே" என்று. நான் சிரித்தேன். குற்றாலத்துச் சாரலில் பாதி ஆயுசு நனைந்தவருக்குத் தெரியாதா? கடைசிப் பகுதியில் துப்பறிகிற பெண் அதே குடையைத்தான் தூக்கிக் காட்டினாள்.

ஓடிப்போய் உங்கள் அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். உங்கள் சீட்டில் காவல்காரன் என்று எழுதி, அதை ஒரு கோட்டால் அடித்திருந்தீர்கள். கீழே கோணல்மாணலாக, மருந்துக்கடைக்காரி. சரியாகக் கண்டுபிடித்ததைத் தப்பு என்று நம்பிக்கொண்டா போனீர்கள்? அதை அடிக்கும்போது என்ன நினைத்தீர்கள்?

முருகேசுக்குப் போன் போட்டேன். "மாத்திட்டாங்கக்கா, நான் என்ன செய்ய?" என்று சிரித்தான். சின்ன விஷயம், விட்டுத் தொலை என்கிறான் அண்ணன். விட எனக்கு மனசில்லை.

இரண்டாம் பாகம் தொடங்கிவிட்டது மைனி. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத கதை. இந்த முறை முருகேசும் வாராவாரம் காத்துக் கிடக்க வேண்டியதுதான். சனிக்கிழமை கடையில் கூட்டம் என்பதால் அவன் ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பான். நான் ஐந்தரைக்குப் பார்த்துவிட்டு மினி பஸ் ஏறினால் ஆறே காலுக்கு மேலகரம்.

போன சனிக்கிழமை போனேன். என்னைப் பார்த்ததும் காதைப் பொத்தினான். கையை விலக்கி, கொன்றது இன்னார் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரை வந்தான்.

"யக்கா, நெசமாத்தான் சொல்லுதியளா, சும்மா சொல்லுதியளா?"

நான் பஸ் ஏறிவிட்டேன். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பன்னிரண்டு வாரம் ஓடுமாம். பன்னிரண்டு சனிக்கிழமையும் போவேன். வாரம் ஒரு பெயர் சொல்வேன், நிஜமா பொய்யா என்று சொல்லமாட்டேன். நம்பலாமா கூடாதா என்று அவன் முடிவு வரை தவிக்கட்டும்.

புதுச் சீட்டில் நான் சந்தேகப்படுகிற ஆளின் பெயரை எழுதிப் பாட்டிலில் போட்டுவிட்டேன். உங்கள் பழைய சீட்டும் உள்ளேதான் இருக்கிறது. கீழே எழுதியதைக் கிழித்துத் தூரப் போட்டேன். அடித்த பெயர் மட்டும் இருக்கிறது. அதுதான் உங்கள் பதில். நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

சனிக்கிழமைதோறும் உங்களை நினைத்தே பஸ் ஏறும்,
உங்கள் நாத்தனார்
செண்பகம்