நீங்கள் முகம் திருப்பிய சனிக்கிழமை

அம்மா,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் தம்பி வீட்டு பேஸ்மென்ட்டில் உங்கள் உடுப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ரூஜ் பகுதியில் இருக்கும் அந்த வீட்டில்தான் உங்கள் கடைசி வருடங்கள் கழிந்தன. சேலைகளுக்கு அடியில் பழுப்புக் கம்பளிக் கோட்டு கிடந்தது. ஒவ்வொரு பொத்தானும் நீங்கள் மாற்றித் தைத்தது. முகத்தருகே கொண்டுபோனேன். பூச்சி உருண்டை மணம். அதற்கடியில், இத்தனை காலம் கழிந்தும் போகாத வறுத்த மிளகாய்த்தூள் மணம். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அறுபது வயதாகப் போகிறது. ஒன்பது வயதில் வந்த நடுக்கம் அப்படியே வந்தது.

செத்தவீட்டில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் பேசினார்கள். "நல்ல மனுசி. அடுப்படியை விட்டு வெளியிலை வராது. பாவம், சரியான பயந்த சுபாவம்." எண்பத்தெட்டு வருட வாழ்க்கையை அந்த மூன்று வசனங்களில் முடித்துவிட்டார்கள். எழும்பிப் பேச வேண்டும் போல இருந்தது. ஆனால் பேசினால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் நடுப்பகுதி, இந்தக் குளிர் நாட்டுக்கு நாங்கள் வந்த புதிது. வெக்ஸ்போர்ட் பகுதியில் மூன்றாம் மாடி அப்பார்ட்மென்ட். அப்பா ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் வரைந்தார். தம்பி கைக்குழந்தை. அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசுபவர்கள் நாங்கள் மட்டுந்தான். விடிய முன்னம் எழும்பி அப்பாவுக்குச் சாப்பாடு கட்டி, என் தலையை இழுத்துப் பின்னி, கறி மணம் பிடிக்காமல் இருக்க என் பள்ளிக்கூட ஜாக்கெட்டை ஜன்னலுக்கு வெளியே உதறித் தருவீர்கள். வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று நான் சொன்ன நாளில் இருந்து அந்தப் பழக்கம்.

இரண்டு கிழமைக்கு ஒரு முறை, சனிக்கிழமைகளில், அப்பா வேலைக்குப் போனதும் தம்பியை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, ஜெரார்ட் தெருவுக்குப் போவோம். எங்கள் பருப்பும் மிளகாயும் அங்கேதான் கிடைக்கும். சப்வே என்ற நிலத்தடி ரயிலில் எங்களைப் போன்றவர்களுக்கு அடிக்கிறார்கள் என்று பெரியவர்கள் குசுகுசுத்த காலம் அது. புறப்படுமுன் நீங்கள் மூன்று தரம் பாத்ரூமுக்குப் போவீர்கள். கையுறைக்குள்ளேயே உங்கள் கை வியர்த்திருக்கும். ஆனாலும் பொட்டை அழிக்கவில்லை, சேலையை மாற்றவில்லை. கோட்டுக்குக் கீழே சேலைக் கரை பூட்ஸில் தட்டத் தட்ட நடப்பீர்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ரயில் மேடையில் ஆட்கள் குறைவு. மூன்று வாலிபர்கள் படியிறங்கி வந்தார்கள். நாங்கள் எந்த நாட்டவர் என்றுகூடத் தெரியாமல் எங்கள் நிறத்தவர் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்த அந்த வசையை ஒருவன் சொன்னான். மற்றவன் அதைப் பாட்டாக இழுத்தான். மூன்றாமவன் சிரிக்கவே இல்லை. எனக்கு அவனில்தான் அதிகம் பயம்.

நான் உங்கள் கையை விட்டேன், அம்மா.

யாரும் பிடித்து இழுக்கவில்லை. நானாகத்தான் விட்டேன். பத்தடி தள்ளி ஒரு வெள்ளைக்காரக் கிழவி நூல்பையோடு நின்றாள். மெல்ல மெல்ல நகர்ந்து, அவளோடு வந்த பிள்ளை போல அவளருகே போய் நின்றுகொண்டேன். தொப்பி என் பின்னலை மறைத்திருந்தது. ஸ்கார்ஃபை மூக்குவரை இழுத்துவிட்டேன்.

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். முதலில் உங்கள் பக்கத்தில், பிறகு என்னை. ஒரு கணந்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு மேடையின் மறுகோடிக்கு நடந்தீர்கள். அவர்கள் உங்கள் பின்னால் போனார்கள். ஒருவன் சேலைத் தலைப்பை இழுத்தான். நீங்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

ரயில் வந்தது. நீங்கள் ஏறினீர்கள். அவர்கள் மூவரும் அதே கதவால் பாய்ந்து ஏறினார்கள். நான் ஓட நினைத்தேன். ஓடவில்லை. கதவு மூடியது. ஜன்னலில் உங்கள் பழுப்புக் கோட்டு நகர்ந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

காற்சட்டை நனைந்துவிட்டது. கிழவி என்னைப் பார்த்தாள், நனைந்த தரையைப் பார்த்தாள், எனக்கு விளங்காத மொழியில் ஏதோ கேட்டாள். "மம்மி," என்று மட்டும் சொல்லி ரயில் போன பக்கம் கையைக் காட்டினேன். அவள் தன் ரயில் இரண்டைப் போகவிட்டு, என் தோளைப் பிடித்தபடியே நின்றாள். அம்மா இனி வரமாட்டா, நான் விட்டபடியால் அவவும் என்னை விட்டுவிட்டா என்று நினைத்தேன். தண்டவாளத்தின் இருட்டைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

எதிர்ப்பக்க ரயிலில் நீங்கள் வந்தீர்கள். படியேறி, பாலம் கடந்து, படியிறங்கி ஓடி வந்தீர்கள். நீங்கள் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தரந்தான். பொட்டு நெற்றி முழுக்க இழுபட்டிருந்தது. கொண்டை அவிழ்ந்து, கீழுதடு வெடித்து, கோட்டில் இரண்டு பொத்தான்கள் இல்லை. சாமான் பையும் இல்லை. கிழவியைக் கும்பிட்டீர்கள். என்னை ஏசுவீர்கள் என்று நின்றேன்.

"குளிருதே?" என்று மட்டும் கேட்டு, கோட்டைக் கழற்றி எனக்குச் சுற்றிவிட்டீர்கள். உங்கள் பல் கிடுகிடுத்தது.

பஸ்ஸில் போகும்போது சொன்னீர்கள்: "அப்பாட்டைச் சொல்லாதை, பிள்ளை. சொன்னா வெளியிலை விடமாட்டார். பிறகு நாங்கள் வீட்டுக்குள்ளையே கிடக்க வேண்டியதுதான்."

அன்று இரவுச் சாப்பாட்டில் பருப்பு இல்லை. "ஏன், போகேல்லையோ?" என்று அப்பா கேட்டார். "கடை பூட்டு," என்றீர்கள். உதட்டைப் பார்த்துக் கேட்டதற்கு, "பனியிலை சறுக்கிப்போட்டன்." நான் தட்டிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. இரண்டு கிழமை கழித்து, அதே கோட்டில், மூன்று தரம் பாத்ரூமுக்குப் போய்விட்டு, நீங்கள் மறுபடி புறப்பட்டீர்கள். என்னைக் கூட்டிப் போகவில்லை. எனக்கு அது தண்டனை போலப் பட்டது. அதிலிருந்து, நீங்கள் திரும்பி வரும்வரை ஜன்னலடியில் நின்று, பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரையும் பார்ப்பேன். நீங்கள் வராத பஸ்களை விரல்விட்டு எண்ணுவேன்.

பிறகு ஊரில் சண்டை வலுத்து எங்கள் சனம் வரத் தொடங்கியது. டோர்செட் பார்க் பகுதி அப்பார்ட்மென்ட்களில் வந்து இறங்கியவர்களுக்கு நீங்கள் சோறு கொடுத்து அனுப்பினீர்கள். சோற்றோடு புத்திமதியும்: "கடைசிப் பெட்டியிலை ஏறாதேங்கோ. ஆக்கள் நிக்கிற இடத்திலை நில்லுங்கோ." ஷெல் வீச்சுக்குத் தப்பி வந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இத்தனை வருடத்தில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாம் ஒரு சொல் பேசவில்லை. நான் கையை விட்டதற்காகத்தான் முகத்தைத் திருப்பினீர்கள் என்றே நம்பியிருந்தேன். கலியாணம் ஆகி, பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் அதையே நம்பினேன்.

ஆஸ்பத்திரியில், கடைசிக் கிழமை, ஒரு பின்னேரம். உங்களுக்கு இடம், காலம் எல்லாம் குழம்பியிருந்தது. கதவுப் பக்கம் பார்த்துப் பார்த்து நடுங்கினீர்கள். தாதி போனதும் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் கேட்டீர்கள்.

"அவங்கள் உன்னைக் காணேல்லைத்தானே?"

"ஆர், அம்மா?"

"மூண்டு பேர். நான் உன்னைப் பாக்காமல்தான் போனனான். பாத்தா, நீ என்ரை பிள்ளையெண்டு கண்டுபிடிச்சிடுவாங்கள். அதுதான் பாக்கேல்லை. நீ அழுதனியே?"

ஐம்பது வருடமாக அந்தக் கேள்வியை உங்களுக்குள் வைத்துக்கொண்டு எங்களுக்குச் சமைத்தீர்கள், தைத்தீர்கள், காய்ச்சலுக்கு நெற்றியில் கை வைத்தீர்கள்.

"காணேல்லை, அம்மா. ஒருத்தரும் காணேல்லை. நான் அழவும் இல்லை."

"அப்ப சரி," என்றீர்கள். சட்டையைப் பிடித்த விரல்கள் தளர்ந்தன. கையை நான்தான் விட்டேன் என்று அப்போதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "தெரியும், நல்லதாப் போச்சு," என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அதைக் கேட்கத்தான் எனக்குத் துணிவு வரவில்லை.

உங்களுக்குப் பிறகு நான் துணிந்தவளாகிவிடவில்லை. என் மகள் வேலை முடிந்து சப்வேயில் வருகிறாள் என்றால், கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை ஒரு வேலையும் ஓடாது. "என்னம்மா, இவ்வளவு பயம்?" என்று சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன். மேடையில் நின்று ரயில் வரும் இரைச்சல் கேட்டால், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும், என் வலது கை தானாக இறுக மூடிக்கொள்கிறது.

அன்றைக்கு விட்ட கை அதுதான், அம்மா.