இறுக்கிய கயிறு இளகும் நேரம்

என் ஆசை அண்ணா,

நீங்கள் காய்ச்சலில் எங்களை விட்டுப் போனபின் வந்த முதல் மாரி இது. குளம் நிரம்பி வான் பாய்ந்து, முரசுமோட்டைக்கும் கண்டாவளைக்கும் நடுவே பாலம் உடைந்துபோனது. நிறைமாதமாய்த் தாய்வீட்டில் இருந்த அண்ணிக்கு வலி எடுத்துவிட்டதென்று அக்கரையிலிருந்து கத்தினார்கள். ஆஸ்பத்திரியோ இக்கரையில்.

நீங்கள் பாரம் தொங்கவிட்டுச் சோதித்த நைலோன் கயிற்றையே வெள்ளத்துக்குக் குறுக்கே கட்டினோம். அதைப் பிடித்துக்கொண்டுதான் வள்ளம் போகவேண்டும். கயிறு தொய்ந்தால் உடைந்த பாலத்தூணில் மோதும்.

விறைப்பாக நின்ற கயிறு கண்முன்னே தொய்ந்தது.

"முடிச்சு வழுக்கிப் போச்சு. ஒருக்கா இறுக்கிப்போட்டு வாறன்," என்று வள்ளக்காரக் கந்தையா அண்ணை புறப்பட்டார்.

முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. கண்ணாடி, பிசின், நைலோன் எல்லாவற்றுக்குள்ளும் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் நெருக்குப்பட்டு நிற்கும் என்று நீங்கள் சொல்வீர்களே. "சனம் நிறைஞ்ச பஸ் மாதிரி, தங்கச்சி. வாசல்லை நிக்கிறவன் உடனை இறங்குவான். உள்ளுக்கை நிக்கிறவன், பக்கத்து ஆள் விலகுமட்டும் நிக்கவேணும்." அதனால்தான் இளக்கம் முதலில் வேகமாகவும், போகப்போக மெதுவாகவும் நடக்கும் என்றீர்கள்.

"இறுக்கின உடனை போகாதேங்கோ. கொஞ்சம் இளகவிட்டு, திரும்ப இறுக்குவம்," என்று அவரைத் தடுத்தேன்.

"அங்கை அவா துடிக்கிறா, நீ படிப்புக் கதை கதைக்கிறாய்!"

அவரை மறித்துக் காத்திருந்தேன். கயிறு எவ்வளவு நேரத்தில் இளகும் என்று நாமிருவரும் போட்ட கணக்குத்தான், எவரும் சரிபார்க்காத கணக்கு. அது பிழையென்றால்? நான் பிடித்து வைத்த நேரத்தால் அண்ணிக்கு ஏதும் ஆகிவிட்டால்?

மறுபடி இறுக்கினோம். இந்தமுறை கயிறு பெரிதாகத் தொய்யவில்லை. "இப்ப போங்கோ" என்றேன்.

அண்ணியை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது நடு வெள்ளத்தில் வள்ளம் சரிந்து, தூணை உரசுமளவுக்குப் போனது. கயிறு விடவில்லை. கரையில் இறங்கிய அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் இவ்வளவு நேரம்?" அவரைத் தாங்கிக்கொண்டு நடந்தேன்.

உங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள். இருவரும் சுகம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இரண்டாம் முறை கயிறு நம் கணக்கைவிட மிக மெதுவாக இளகியது. முதல் இழுவை அதற்குள் எங்கோ தங்கியிருந்ததா? பழைய இழுவைக்கு நம் சமன்பாட்டில் இடமே வைக்கவில்லையே, அண்ணா. அந்த இடத்தை நான் கண்டுபிடிப்பேன். எத்தனை வருடம் போனாலும் விடமாட்டேன்.

இப்போது உங்கள் மகளுக்கு மாமியும் ஆகிவிட்ட,
உங்கள் தங்கச்சி