சின்னக் கைக்குச் செய்த ஷட்டில்

ஆம்பூர்,
ஆகஸ்ட் 1957

அன்பு மகன் ஜெபசீலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் நானும் அப்பாவும் இங்கே குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் கரக்பூரில் சுகமாக இருக்கிறாய் என்று போன கார்டில் எழுதியிருந்தாய், அந்தக் கார்டில் இருந்த மற்றதை நான் நம்பவில்லை ஆகையால் இதையும் பாதிதான் நம்புகிறேன். அப்பாவுக்கு இருமல் விடவில்லை, தோல் கம்பெனியில் சுண்ணாம்பு நெடி ஜாஸ்தி என்கிறார், ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு வருகிறாரே, இருமலுக்குக் கிராம்பு என்றால் வீட்டிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் இல்லையா, திரும்பவும் பீடி பிடிக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பால்காரி என் எதிரிலேயேதான் கறக்கிறாள், அப்படியும் பால் தண்ணீராக இருக்கிறது, இப்போதெல்லாம் கறப்பதற்கு முன்னால் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்கிறேன், அதற்கு அவளுக்குக் கோபம். என்னைச் சந்தேகப் பிராணி என்று நீயும் அப்பாவும் சிரிப்பீர்கள், சிரியுங்கள், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் சிரிப்பு வந்தால் சிரி.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. ஒரு மூலையில் சணல் தளர்ந்திருந்ததால் தபால்காரர் பிரித்துப் பார்த்திருப்பாரோ என்று அவரையே இரண்டு கேள்வி கேட்டுவிட்டேன், பாவம், அவர்மேல் தப்பில்லை. பக்கத்து வீட்டு மஹ்பூபி அப்போது கூட இருந்தாள், பஞ்சுக்குள்ளிருந்து எடுத்ததும் கண்ணுக்குப் போடுகிற சுர்மா டப்பியா அக்கா என்று கேட்டாள். அதில்லை, டாட்டிங் லேஸ் பின்னுகிற ஷட்டில், இந்த இரண்டு தகட்டுக்கும் நடுவில் நூலைச் சுற்றி வைத்துக்கொண்டு விரலுக்கு விரல் ஓட்டி முடிச்சுப் போடவேண்டும், ரயில்வே பட்டறையில் இரும்பு வார்க்க மர அச்சு செய்கிற என் மகன் தன் கையாலேயே செய்து அனுப்பியிருக்கிறான் என்று பெருமையாகத்தான் சொன்னேன். நல்ல ஈட்டி மரம், பளபளவென்று இருந்தது. கிறிஸ்மஸ் சமயத்தில் என் பழைய ஷட்டில் உடைந்ததிலிருந்து மிஷன் பெண்கள் சங்கத்துக்கு ஒரு கழுத்துப் பட்டிகூடப் பின்னித் தர முடியாமல் உட்கார்ந்திருந்தவள் நான், சந்தோஷம் எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். அன்றைக்கே நூலைச் சுற்ற எடுத்தேன், அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஜெபசீலா, என் கை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். வளையல்காரன் என்னைப் பார்த்தாலே பெரிய வளையல் கட்டைத்தான் அவிழ்ப்பான். அது போதாதென்று உடைந்த ஷட்டிலைக் காகிதத்தின்மேல் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு உனக்கு அனுப்பியிருந்தேன், இந்த அளவு குறையாமல் செய் என்று எழுதியும் இருந்தேன். ஒரு நூல் பிசகினாலும் மேஸ்திரி தூக்கி எறிந்துவிடுவார் என்று உன் வேலையைப் பற்றி நீயே சொல்லுவாய். அப்படிப்பட்டவன் செய்த ஷட்டில் என் உள்ளங்கையில் தொலைந்துபோகிற அளவுக்குச் சின்னதாக இருக்கிறது என்றால் அது அளவு தவறினது இல்லை, அளவு எடுத்த கை வேறு. சரி, ஈட்டி மரத்துண்டு சின்னதாகக் கிடைத்திருக்கும் என்று உனக்காக நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நூல் சுற்றுகிற நடுக்கட்டையைப் பார்த்தால் அதில் நூலைக் கோத்து முடிய ஒரு பொடித் துளை. நம் பக்கத்து ஷட்டிலுக்குத் துளை கிடையாது, நாங்கள் கட்டையைச் சுற்றியே முடிந்துவிடுவோம், நான் வரைந்து அனுப்பினதிலும் துளை இல்லை. இந்த வேலை செய்கிற ஒருத்தி கேட்காமல் ஒரு ஆண்பிள்ளைக்கு அந்தத் துளை போடத் தோன்றாது. அந்தத் துளைக்குள் ஊக்கு நுனியை விட்டுப் பார்த்தேன், ரோஸ் நிற நூல் துணுக்கு ஒன்று வந்தது. மேல் தகட்டில் கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, அது பாலீஷ் இல்லை, மாசக்கணக்காக ஒரு கை பிடித்த வழவழப்பு. ஒரு முனை பிளந்து அதைப் புதிதாக ஒட்டியும் இருக்கிறது, பசை வாசனைகூட முழுக்கப் போகவில்லை. ஆகவே இது எனக்காகச் செய்தது இல்லை. யாருக்கோ நீ எப்போதோ செய்து கொடுத்து, அவள் அதிலே பின்னி, முனை பிளந்ததும் உன்னிடமே சரிபண்ணக் கொடுத்திருக்கிறாள். எனக்குச் செய்ததும் அதுவும் உன் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கும், அவசரத்தில் மாற்றிக் கட்டிவிட்டாய், என்னுடையது அவளிடம் போயிருக்கும்.

இவ்வளவும் என் கற்பனை என்று நீ சொல்லலாம். ஆனால் பார்சல் வந்த மறுநாளே உன் கார்டு வந்ததே, அதில் என்ன எழுதினாய், அந்த ஷட்டிலில் கீறல் இருக்கிறது, நூல் சுற்ற வேண்டாம், உடனே திருப்பி அனுப்புங்கள், வேறு அனுப்புகிறேன் என்று. நான் வெளிச்சத்தில் பிடித்து, நூலால் தேய்த்து, கன்னத்தில்கூட உரசிப் பார்த்துவிட்டேன், ஒரு கீறலும் இல்லை. காய்ச்சல் என்றால்கூடப் பத்து நாள் கழித்து எழுதுகிறவன் ஒரு மரத்துண்டுக்காக இவ்வளவு வேகமாகக் கார்டு போட்டால் பெற்றவள் என்ன நினைப்பாள். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏதாவது இருந்தால் அவனே சொல்லமாட்டானா, விட்டுவிடு என்றார். இந்த வீட்டில் யார் எதைத் தானாகச் சொல்லியிருக்கிறார்கள், கிராம்பு வாசனைதான் சொல்லுகிறது.

ஒரு ஷட்டிலோடு போகிற விஷயமாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். பாகாயம் ஆபேல் அண்ணன் மகள் கிரேஸியை உனக்குப் பேசியிருக்கிறோம், ஈஸ்டருக்கே எழுதிக் கேட்டேன், உங்கள் இஷ்டம் என்று பதில் போட்டாய். அப்போதே எனக்கு அது பிடிக்கவில்லை. மனசு இருக்கிறவன் போட்டோ கேட்பான், இல்லாதவன் வேண்டாம் என்பான், உங்கள் இஷ்டம் என்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று அப்பாவிடம் சொன்னேன், நல்ல பிள்ளை அப்படித்தான் எழுதும் என்று வாயை அடைத்துவிட்டார். அடுத்த மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கப் போதகரிடம் பெயர் கொடுக்க வேண்டியது, இந்தக் கல்யாணத்துக்கு யாராவது தடை சொல்ல இருக்கிறீர்களா என்று அவர் சபைக்கு முன்னால் கேட்கும்போது, பைக்குள் அந்த ஷட்டிலை வைத்துக்கொண்டு நான் எப்படி வாயை மூடி உட்காருவது. உனக்கு முதலில் எழுதிக் கேட்டிருக்கலாம்தான். நீ இன்னொரு உங்கள் இஷ்டம் எழுதுவாய், அதற்குள் ஓலை வாசித்தாகிவிடும். வாசித்த பிறகு கல்யாணம் நின்றால் உனக்கு ஒன்றும் இல்லை, நீ எங்கேயோ தூரத்தில் இருக்கிறாய், அந்தப் பெண்ணுக்குத்தான் ஓலை வாசித்து நின்றுபோனவள் என்கிற பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் நேற்று வேலூர் பஸ் ஏறி நானே பாகாயம் போனேன். அப்பாவிடம் பல்வலிக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொன்னேன், இப்போது அவருக்கும் தெரியும். ஆபேல் அண்ணன் ஆஸ்பத்திரி டியூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தார், கல்யாண நாள் குறிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து மனுஷர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எங்கள் பையன் மனசில் வேறு யாரோ இருக்கிற மாதிரி தெரிகிறது, ஓலைக்குப் பெயர் கொடுக்கவேண்டாம், சாட்சி கேட்டால் என்னிடம் இந்த மரத்துண்டுதான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் அதைத் தொடவே இல்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நாற்காலி துடைத்த துண்டை மடித்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். கிரேஸி காப்பி கொண்டுவந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஷட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தாள், தேய்ந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு சொன்னாள், “நீங்க வந்து சொன்னது நல்லதாப் போச்சு ஆன்ட்டி. ஆனா இத அவருல்ல வந்து சொல்லியிருக்கணும்.” காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பஸ்ஸில் பள்ளிகொண்டா வருகிறவரைக்கும் அழுதுகொண்டே வந்தேன், எனக்கு மருமகளாக வரவேண்டியவள் என்று நான் ஆசைப்பட்டு வைத்திருந்த பெண், உன்னால் இல்லாமல் போனாள்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நான் நினைத்தது தப்பு என்றால் அடுத்த ரயில் ஏறி வந்து ஆபேல் அண்ணன் வாசலில் நின்று, என் அம்மா புத்தி கெட்டுப் பேசினாள் என்று சொல், நானும் உன் பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்கிறேன், எனக்கு அதில் வெட்கம் இல்லை. சரி என்றால் முதலில் அந்த வீட்டுக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது, சுற்றி வளைக்காமல் உண்மையை எழுது, கிரேஸி சொன்னதற்குப் பதில் நீதான் தரவேண்டும், நான் இல்லை. அப்புறம் எனக்கு எழுது. அவள் யார், ஊர் எது, ஆராதனைக்குப் போகிறவளா, அவளைப் பெற்றவர்களுக்குத் தெரியுமா, இல்லை அவர்களுக்கும் உங்கள் இஷ்டம்தானா. எல்லாம் கேட்பேன், நல்லவள் என்று நீ எழுதினால் உடனே நம்பிவிடவும் மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், தேய்ந்த இடம் ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறது, கை நடுங்காமல் பொறுமையாக வேலை செய்கிறவள், அதை மறைக்க முடியாது. அது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, எழுதவே கோபமாக வருகிறது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, பட்டறை மரத்தூள் போக வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி ஜெபம் பண்ணாமல் படுக்காதே. அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக, பொய் சொல்லாத வாயையும் உனக்குத் தருவாராக.

ஷட்டிலைத் திருப்பி அனுப்பச் சொல்லி இனிக் கார்டு போடாதே. தபாலில் அனுப்பமாட்டேன். என் அளவுக்குச் செய்தது அவளிடம்தானே இருக்கும், அதை எடுத்துக்கொண்டு அவளே வரட்டும்.

இப்படிக்கு,
உன்னை முழுக்க நம்பாமல் உனக்காக முழங்காலில் நிற்கிற அம்மா,
ஞானப்பூ