கம்பியைக் கட்டிய கை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். நானும் நலம், என் மானம் மட்டும் நாலு நாளாகக் கொஞ்சம் படுத்திருக்கிறது. விஷயம் இதுதான். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்று பேசினேன். முப்பது பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். மேலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். என்ன ஒரு கம்பீரம் என்று எனக்கே தோன்றியது. வீட்டுக்கு வந்தால் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காலையிலேர்ந்து இப்படியேதான் இருந்தீங்களா?" என்றாள். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருக்கிறேன்! தையலெல்லாம் வெளியே. பிடரியில் அளவு அச்சடித்த துணிச்சீட்டு நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. முப்பது பேரில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே என்று புலம்பினேன். "நீங்க பேசினதிலேயே மிரண்டு போயிருப்பாங்க, சட்டையை யாரு பார்த்தா" என்றாள் அம்மா.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் ஒரு கதையை ஆரம்பித்தால் உன் அம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள், முடிவதற்குள் கதை அவளுடையதாகிவிடும். எழுத எனக்கு இப்போது நேரமும் இருக்கிறது. இரண்டு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பதறாதே, முழுக்கப் படி.

எங்கள் சலவை ஆலைக்குள் நீதான் காலே வைத்ததில்லையே, அதனால் விவரமாகவே சொல்கிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளை மெஷின் என் பொறுப்பு. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரிப்பை ஊட்டினால், கொதிக்கிற உருளை அதை இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் மொடமொடவென்று தள்ளும். ஊட்டுகிற இடத்தில், உருளைக்கு ஒரு சாண் முன்னால், ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை தவறி உள்ளே போனால் முதலில் கம்பியில் இடிக்கும், இடித்த அந்த நொடியே மெஷின் நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் கம்பி தொட்டாற்சிணுங்கி. விரிப்பில் ஒரு மடிப்பு பட்டால்கூட மெஷினை நிறுத்திவிடும். நின்றால் உள்ளே இருக்கிற துணி மஞ்சளாகக் கருகும், மறுபடி துவைக்க வேண்டும்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். வணக்கம் சொன்னால்கூட மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் வணக்கம் வைப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், "அந்தக் கம்பியை இழுத்து ஒரு கட்டு கட்டுய்யா, வேலை ஓடட்டும்" என்றார். கிழிந்த விரிப்பில் ஒரு பட்டை கிழித்துக் கட்டினேன். அன்றிலிருந்து தினமும் காலையில் என் முதல் வேலை அதுதான். ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று மட்டும் அவிழ்ப்பேன். பட்டை நைந்தால் புதுசு கிழிப்பேன். அந்த முடிச்சைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

விரிப்பு ஊட்டுகிறவர்களில் ஒருத்தியை ரேடியோ என்போம். மெஷின் சத்தத்தையும் மீறி எட்டு மணி நேரம் பேசுவாள். செய்தி, வானிலை, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் உண்டு. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விரிப்பு ஓரத்தில் கழன்றிருந்த நூல் அவள் விரலில் சுற்றிக்கொண்டது. உருளை இழுத்தது. கை கம்பியில் இடித்தது. கம்பி அசையவில்லை, என் முடிச்சு அப்படி. நான் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடிப்பதற்குள் வலது கை வெந்துவிட்டது. நாலு விரலும் புறங்கையும். விரல்கள் பிழைத்துக்கொண்டன. தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மூன்று வாரம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதே. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். ஒரு வாக்கியத்தைக் கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டே நடந்தேன்: அவர் சொன்னார், நான் செய்தேன். சொன்னதைச் செய்கிறவன் மேல் என்ன குற்றம்? மெஷினும் அப்படித்தான், பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது, அதன்மேல் யார் வழக்குப் போடுகிறார்கள்? இப்படியெல்லாம் யோசித்து, என்னை நானே மெஷினுக்குச் சமமாக்கி நிம்மதி தேடினேன். பிறகு ஒரு நாள் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது: மெஷினுக்குக்கூட நின்றுகொள்ள ஒரு கம்பி வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். அதையும் கட்டிவைத்தவன் நான். நான் மெஷினைவிட மட்டம். கன்னத்தில் வெட்டிக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், "அவர் சொன்னாரு, சரி. கட்டினது யாரு கை?"

"என் கைதான். ஆனா..."

"ஆனான்னு ஆறாவது விரல் ஒண்ணு முளைச்சிருக்கா உங்களுக்கு?"

அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. 'போய் உண்மையைச் சொல்லுங்கள்' என்றோ 'வேண்டாம், வேலை போய்விடும்' என்றோ சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்! பாராட்டானாலும் திட்டானாலும் அவள் தலையில் கட்டியிருப்பேன். அந்தப் பொல்லாத பெண்பிள்ளை என்னை என்னிடமே விட்டுவிட்டுக் கீரையை அலசப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச்சொன்னார்கள். மேலாளர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கடிகாரம். ஆளுக்கொரு தாள். மறுநாள் விசாரணை அதிகாரி வருகிறாராம். வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். எனக்கு முன்னால் பத்துப் பேர் போட்டார்கள். யாரும் படிக்கவில்லை. நாங்கள் எதைத்தான் படித்துவிட்டுப் போட்டிருக்கிறோம்?

நானும் படித்திருக்க மாட்டேன். பேனாவை எடுக்கச் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனேன், பையைக் காணோம். (ஏன் காணோம் என்று இப்போது உனக்குத் தெரியும், அன்று எனக்குத் தெரியவில்லை.) கடிகாரம் முணுமுணுத்துக்கொண்டே தன் பேனாவைத் தேடினார். கையில் தாள் இருக்கிறது, சும்மா நிற்பானேன் என்று படித்தேன். என் படிப்புதான் உனக்குத் தெரியுமே. எட்டாவதோடு நின்ற ஆள், வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். பத்திரிகை படித்தால் எதிர்வீட்டுக்கும் சேர்த்துத்தானே படிப்பேன். அப்படியே எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன்: "கீழே கையெழுத்திட்டுள்ள நான், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் அளிக்கும் வாக்குமூலம்..."

"அதெல்லாம் எதுக்குய்யா, போட்டுட்டுப் போ" என்றார் கடிகாரம்.

ஆனால் எனக்கு வண்டி கிளம்பினால் வாக்கியம் முடிந்துதான் நிற்கும். "மேற்படி பெண் ஊழியர் தன் சௌகரியத்துக்காகத் தடுப்புக் கம்பியைத் தானே கட்டிவைத்திருந்தார் என்பதை நான் நேரில் கண்டேன்" என்று முடித்தேன்.

கையெழுத்துப் போட்ட பத்துப் பேரும் அப்போதுதான் கேட்கிறார்கள், தாங்கள் என்ன சொல்லியிருக்கிறோம் என்று. இந்தத் தாள் போனால் ரேடியோவுக்கு வேலை போகும், வைத்தியமும் நிற்கும். அது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

பேனா வந்தது. வாங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம்வரை நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம், அந்த வழியும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டுமே திறந்திருந்தன. எந்தப் பக்கமும் என்னை யாரும் தள்ளவில்லை. அம்மா இல்லை, நீ இல்லை, கடவுளும் அப்போது வேறு வேலையாக இருந்தார்போல. அவ்வளவு தனியாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

"சார், இது தப்பு. கம்பியைக் கட்டினது நான்" என்றேன்.

மேலாளர் பேனாவை வைத்தார். "யாரு கட்டச் சொன்னது?"

"இவர்தான் சொன்னார்" என்று கடிகாரத்தைக் காட்டினேன். அவர் மணிக்கட்டைப் பார்த்தார், பாவம், பழக்கதோஷம். "ஆனா சார், ஒரு நாளாவது மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் இருந்துச்சு. ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூடச் சொல்லலை. அந்தப் பொண்ணு முடிச்சைத் தொட்டதுகூட இல்லை. கட்டினது என் கை."

"இதனால உங்க மேல நடவடிக்கை வரும், தெரியும்ல? யோசிச்சுப் பேசுங்க."

"மூணு வாரம் யோசிச்சுட்டேன் சார். நீங்க இதுல சொந்த விருப்பம்னு போட்டிருக்கீங்க. அதான் என் சொந்த விருப்பத்தைச் சொல்றேன்" என்றேன். அவர் கொடுத்த தாளிலேயே மேலே உள்ள வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்து, அதன் கீழே எனக்குத் தெரிந்த தமிழில் நடந்ததை எழுதினேன். எத்தனை பிழையோ. கடைசியில் கையெழுத்துப் போட்டேன், மகளே. முப்பது வருஷமாக வருகைப் பதிவேட்டிலிருந்து எல்லாவற்றிலும் போட்ட அதே கிறுக்கல்தான். ஆனால் அன்றைக்குத்தான் அது என் பெயர் என்று படித்தேன்.

திரும்பி நடக்கும்போது பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். கொதிகலன் பார்க்கிறவர், யாரிடமும் வாய்திறக்காத மனிதர், மேஜைக்குப் போய், "என் தாளைக் கொடுங்க சார், ஒரு வரி அடிக்கணும்" என்றார். அப்புறம் துணி பிரிக்கும் அம்மா. அப்புறம் வரிசையே திரும்பிவிட்டது. பத்துப் பேரும் அடித்தார்கள். ஒருத்தர் அடித்த வேகத்தில் தாளே கிழிந்துவிட்டது. யாரும் கோஷம் போடவில்லை, கை தட்டவில்லை. டீ ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்தோம். அப்படி ஒரு டீ நான் குடித்ததே இல்லை.

விசாரணை அதிகாரி வந்தார், எல்லாரையும் கேட்டார். ரேடியோ மேல் தவறில்லை என்று எழுதிவிட்டுப் போனார். கை குணமாகும்வரை வைத்தியமும் வேலையும் அவளுக்கு உண்டு. கடிகாரத்துக்கு எச்சரிக்கை. எனக்கு இரண்டு வாரம் வீட்டுச்சிறை, திரும்பிப் போனால் அழுக்குத்துணி பிரிக்கும் பகுதி. போகட்டும். இன்னொன்று கேள். ஒரு மெக்கானிக் வந்து அந்தக் கம்பியைப் பார்த்தார். ஒரு சுருள்கம்பி தளர்ந்திருக்கிறதாம். அரை மணி நேர வேலை. இப்போது மடிப்புக்கெல்லாம் நிற்பதில்லையாம். இரண்டு வருஷம் நான் கட்டிய கட்டுகளை எண்ணிப் பார்த்தேன், அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ரேடியோவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். "கட்டினது நான்தாம்மா, என்னை மன்னிச்சுக்கோ" என்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை அவள். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ரேடியோ நின்றால் அந்த அமைதி எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியாது. நல்லவேளையாக எனக்கு அந்தத் தண்டனை முழுசாகக் கிடைத்தது. அப்புறம்தான் திரும்பினாள். "தினமும் காலையில நீங்க கட்டுறதைப் பார்த்துக்கிட்டுத்தானே அண்ணே நின்னேன். ஒரு நாள் அவிழ்க்கணும்னு எனக்கும் தோணலையே" என்றாள். கொஞ்சம் கழித்து, "கோபம் இன்னும் போகலை. போறப்ப சொல்லி அனுப்புறேன். இப்ப அந்த ஆரஞ்சை உரிச்சு வைங்க" என்றாள். உரித்து வைத்தேன். நான் கிளம்பும்போது பக்கத்துக் கட்டிலுக்குச் செய்தி வாசிக்க ஆரம்பித்திருந்தாள்.

இரண்டு வாரமும் அம்மாவின் கையில் மாட்டியிருக்கிறேன். பரண் சுத்தமாகிவிட்டது, குழாய் சொட்டுவதில்லை. என்னைப் பார்த்து, "சொந்த விருப்பக்காரரே, அந்த வாளியை எடுங்க" என்கிறாள்.

நீ நன்றாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு. காற்று பலமாக அடிக்கிற நாளில் நீ ஓட்டுகிற அந்தக் கிரேன் கூண்டில் ஏறாதே என்று எழுத வந்தேன். ஏறுவதா வேண்டாமா என்று உனக்குத் தெரியாதா என்ன. எந்த உயரத்திலும் உன் கை தெளிவாக இருக்கட்டும்.

உன் அப்பா

பி.கு. கடிதத்தை மடித்துவிட்டு மறுபடியும் பிரித்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆலை அலுவலகத்தில் உனக்கு வேலை பேசி, விண்ணப்பத்தை நானே நிரப்பி, கடைசியில் உன் கையெழுத்தையும் நானே போட்டேன். 'விரும்பும் பணி' என்ற கட்டத்தில் 'எழுத்தர்' என்று எழுதினேன். யார் விரும்பியது? நீ நிதானமாகப் படித்துவிட்டு, "இது உங்க கையெழுத்துப்பா. வேலைக்கும் நீங்களே போங்க" என்று மேஜையில் வைத்துவிட்டு, கிரேன் ஓட்டப் பழகப் போவதற்குப் பெட்டி அடுக்கப் போனாய். நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. நான் செய்தது தப்பு, அதை இப்போது எழுதிவிட்டேன். ஆனால் அன்று கத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு சொல் நாக்குநுனிக்கு வந்தது. அப்பனாகப்பட்டவன் அதை எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டேன்.

சபாஷ்டி, மகளே.