தம்பி அனுப்பிய புரதப் பொடி

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். எனக்கு ஒரு குறையும் இல்ல, உன்னை நினைச்சுத்தான் மனசு சரியில்ல. போன்ல பேசினா நான் அழுவேன், நீ சிரிச்சு மழுப்புவே. அதான் கடிதமா எழுதி உன் கண்டக்டர் சிநேகிதர்கிட்ட குடுத்தனுப்புறேன். நாளைக்கே பஸ் டெப்போவுல உன்கிட்ட சேர்த்திடுவார்.

நேத்து உன் ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரம்மாவைப் பார்த்தேன். என் கிட்னி உனக்குப் பொருந்துதாம்டா! ஆனா நூத்தி நாலு கிலோவோட என் மேல கத்தி வைக்க மாட்டாங்களாம். எடை மட்டும்னாலும் பரவாயில்ல. என் உடம்பு இன்சுலினைக் கொட்டு கொட்டுன்னு கொட்டுதாம், சதையெல்லாம் அது பேச்சைக் கேட்கிறதே இல்லியாம். "இப்படியே ஒண்ணை எடுத்தா, நாளைக்கு மிச்சம் இருக்கிறதும் கெட்டுப்போகும். ஒருத்தரைக் காப்பாத்த இன்னொரு நோயாளியை உருவாக்க மாட்டேன்"னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க.

மே மாசம் மறுபடி ரத்தம் எடுப்பாங்க. அதுக்குள்ள இளைக்கணும், நடக்கணும். நாள் முழுக்க தையல் மிஷின்ல யூனிபார்ம் தைக்கிறவ எங்கே போய் நடக்கிறது? ஆனாலும் நடப்பேன். நீ கவலைப்படாதே.

உன் அக்கா,
பூசணி

ஜனவரி 16

பூசணி அக்காவுக்கு,

இடது கையில ஊசி, வலது கையில பேனா. மிஷின் ரத்தத்தைச் சுத்தம் பண்ற நாலு மணி நேரமும் எனக்கு வேற என்ன வேலை? பஸ் ஓட்டக்கூடாதுன்னு சொன்னதுல இருந்து, டெப்போவுல பஸ் வர்ற நேரம், போற நேரம் எழுதி எழுதிக் கையெழுத்து அழகாயிடுச்சு பாரு.

பார்சல்ல இருக்கிறது புரதப் பொடி. டயாலிசிஸ் பண்ணும்போது புரதமும் கொஞ்சம் போயிடுதுன்னு ஆஸ்பத்திரியில குடுக்கிறது. ரெண்டு டின் குடுத்தாங்க, எனக்கு ஒண்ணு தாராளம். இதைக் குடிச்சா பசியே எடுக்காது, மளமளன்னு இளைக்கலாம்னு நம்ம புது டிரைவர் சொல்றான். ஜிம்முக்குப் போறவன், தெரியாமலா இருக்கும்?

ஒண்ணு சொல்லட்டுமா? யாரும் இல்லாத நேரத்துல நின்னுக்கிட்டிருக்கிற பஸ்ல ஏறி ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். மறுபடி ஓட்டணும்க்கா. வாழணும்னு ஆசையா இருக்கு.

குச்சி

மார்ச் 20

டேய் குச்சி,

பதினோரு கிலோ குறைஞ்சிருக்கேன்! "யாரும்மா நீங்க, புதுசா?"ன்னு சூப்பர்வைசர் கேட்கிறான். கொழுப்பு அவனுக்கு. என் சட்டையெல்லாம் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சாச்சு.

ஒவ்வொரு வேளையும் உள்ளங்கை அளவு பருப்போ முட்டையோ கோழியோ போதும்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்தாங்க. நல்லது கொஞ்சம் கூடப் போனா என்ன கெட்டுப்போச்சு? காலையில நாலு முட்டை, மூணு கரண்டி பொடி. மத்தியானம் கோழி. சாயங்காலம் மறுபடி பொடி. பசியே இல்ல. எடைதான் இறங்குதேன்னு நடக்கிறதையும் விட்டுட்டேன்.

மூணாவது டின்னும் காலி. மாசா மாசம் ரெண்டு ரெண்டா குடுக்கிற அந்த மகராசிங்க நல்லா இருக்கட்டும். நீயும் ஒழுங்கா குடிக்கிறேதானே?

பூசணி

மே 6

தம்பி,

எப்படி எழுதுறதுன்னே தெரியல. எடை எண்பத்தாறு. ஆனா இன்சுலின் கணக்கு ஜனவரியில இருந்த இடத்துலயே நிக்குது. இவ்வளவு இளைச்சா அது இறங்கியிருக்கணுமே, என்ன சாப்பிடுறீங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. பெருமையா சொன்னேன். அவங்க பேனாவைக் கீழே வச்சுட்டாங்க. "புரதம் அளவா இருந்தா நல்லது. ரொம்ப அதிகமானா, சிலருக்கு எடை குறைஞ்சும் இன்சுலின் இறங்காம போகலாம். உங்களுக்கு அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. நீங்க நடக்கவும் இல்லியே. பொடியை நிறுத்துங்க, ஆகஸ்ட்ல பார்ப்போம்"னாங்க. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்தது.

அப்புறம் உன் வார்டுக்கு வந்தேன். நீ தூங்கிக்கிட்டிருந்தே. கன்னமெல்லாம் ஒட்டிப்போய்... நர்ஸம்மா சொன்னாங்க: "உங்க தம்பி ரத்தத்துல புரதம் ரொம்பக் குறைவு. மாசம் ஒரு டின் குடுக்கிறோம், குடிக்கிறேன்னுதான் சொல்றார்."

ஒரு டின்.

உன்னை எழுப்பாம வந்துட்டேன். எழுப்பியிருந்தா அறைஞ்சிருப்பேன். ஏண்டா பாவி, உன் வாயில போக வேண்டியதையா எனக்குக் குடுத்தே? எனக்கும் ஆகல, உனக்கும் இல்லாம போச்சே.

அக்கா

மே 9

அக்கா,

திட்டு, நல்லா திட்டு. ரெண்டு டின்னுன்னு சொன்னது பொய்தான். நான் குடிச்சா ஒரு மாசத் தெம்பு, நீ குடிச்சு இளைச்சா எனக்கு ஒரு ஆயுசுன்னு நினைச்சேன். பாசத்துல அனுப்பினேன்னு நினைச்சு அழாதே. என் உயிர் மேல இருந்த ஆசையில அனுப்பினேன். அதைத்தான் உன்கிட்ட சொல்ல வெட்கமா இருக்கு.

இனிமே நானே குடிக்கிறேன். சத்தியம்.

தம்பி

ஆகஸ்ட் 14

என் கண்ணு தம்பிக்கு,

இறங்கிடுச்சுடா! மே மாசத்துக்கு அப்புறம் குறைஞ்சது மூணே கிலோ, ஆனா இன்சுலின் கணக்கு இறங்கிடுச்சு. கம்பெனிக்குப் போக முக்கால் மணி, வர முக்கால் மணி, தினமும் நடந்தேன். உள்ளங்கை அளவுக்கு மேல ஒரு துண்டு தொடல. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. அடுத்த மாசம் ஆபரேஷனுக்குத் தேதி குடுப்பாங்க.

நீ ஏன் ஒரு மாசமா எழுதல? உனக்குக் காய்ச்சல், வார்டுக்குள்ள யாரையும் விட மாட்டேங்கிறாங்கன்னு கண்டக்டர் சொன்னார். நான் வந்தப்பவும் வாசல்லயே நிறுத்திட்டாங்க. என் மேல கோபமா? அன்னைக்கு எழுதினியே, ஆசையில அனுப்பினேன்னு. பாசமோ ஆசையோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீ வாழணும்னு ஆசைப்படுறே, எனக்கு அது போதும். ரெண்டு வரி எழுது.

பூசணி

ஆகஸ்ட் 17

அக்காவுக்கு,

எழுத்து நர்ஸம்மாவோடது, பேச்சு என்னோடது. உன் கடிதத்தை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். தினமும் ஒன்றரை மணி நேரம் நடந்திருக்கியே, கால் என்னத்துக்கு ஆகும்?

ஊசி குத்துற இடத்துல வந்த கிருமி இதயத்துக்குப் போயிடுச்சாம். நேத்து டாக்டரம்மா பக்கத்துல உட்கார்ந்து சொன்னாங்க, இனி ஆபரேஷன் கிடையாதுன்னு. அந்தப் பொடியை நான் குடிக்காததாலயான்னு கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதுன்னாங்க. உனக்காகத்தான் கேட்டு வச்சேன். நீ பாட்டுக்கு உன் தலையில போட்டுக்கிட்டு அழக்கூடாது.

உன் கிட்னி உன்கிட்டயே பத்திரமா இருக்கட்டும். நடக்கிறதை மட்டும் விட்டுடாதே.

இப்ப யார் வந்தாலும் உள்ளே விடுறாங்க, எந்த நேரம்னாலும் விடுறாங்க. அதுலயே எனக்குப் புரிஞ்சுடுச்சு. மத்தியான பஸ்லயே வந்துடுக்கா. ஒண்ணும் கொண்டு வராதே.

தம்பி