கலா வளக்குற கெடா

ஆடி 20, திங்கக்கிழமை

பெரியவ செல்வி போயி புதன்கிழமையோட ஒரு வருசம். படையலுக்குச் சின்னவ கலா வருவான்னு இருந்தேன். அவ சென்னையில கர்ப்பப்பை புத்துநோய் பத்தித்தான் ஆராய்ச்சி பண்றா. மத்தியானம் போன் வந்துச்சு.

"வர முடியாதும்மா. செல்லுக்கெல்லாம் ரெண்டு நாளைக்கொருக்கா தீனி மாத்தணும். பாத்துக்க வேற ஆளும் இல்ல."

"என்ன செல்லுடி?"

"அக்காவுக்கு வந்துச்சே, அதே நோயோட செல்லு. குப்பியில வச்சு வளக்குறேன்."

எனக்கு வந்ததே கோவம்! "எம்புள்ளையத் தின்னதுக்கு நீ சோறு போட்டு வளக்குறியாடி?"

"வளத்தாத்தானேம்மா எந்த மருந்துக்குச் சாகுதுன்னு பாக்க முடியும்."

அவ சொல்றது நியாயமாத்தான் பட்டுச்சு. "அப்ப அய்யனாருக்கு நேந்துவிட்ட கெடான்னு சொல்லு"ன்னேன். கலா சிரிச்ச சிரிப்புல எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. செல்வி இருந்தா எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி சிரிச்சிருப்பா.

படையலை நான் பாத்துக்குறேன், நீ அங்கயே இருன்னு சொல்லிட்டேன். செல்விக்குப் பிடிச்ச பணியாரத்துக்கு நாளைக்கு அரிசி ஊறப் போடணும்.

எட்டு மணிக்கு மனசு கேக்காம நானே போன் போட்டு, "தீனி வச்சியாடி?"ன்னேன். வச்சுட்டாளாம். நல்லாக் கொழுக்கட்டும். கெடா வெட்டுற அன்னைக்கு என்னையும் கூப்பிடணும்னு சொல்லியிருக்கேன்.